கடைசல் கட்டையும் ஊசி வேலையும்

"அவன் ஒரு கடைந்தெடுத்த முட்டாள்" என்று நம் பக்கத்தில் திட்டுவார்கள். நானும் நிறைய முறை வாங்கியிருக்கிறேன் :-) ஆனால் அந்தக் "கடைந்தெடுத்த" என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று சமீபம் வரை யோசித்ததே இல்லை. யோசிக்க வைத்தது என் அக்காவின் ஆரி ஃப்ரேம்.

அக்கா ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்து கொடுப்பவள். துணியை நான்கு பக்கமும் விறைப்பாக இழுத்துக் கட்ட ஒரு மரச் சட்டம் வேண்டும். அப்போதுதான் கொக்கி ஊசியை மேலிருந்து குத்தி, அடியில் இருக்கும் நூலைக் கொக்கியில் மாட்டி மேலே இழுக்க முடியும். துணி தொய்ந்தால் தையல் சுருங்கிவிடும். கடையில் வாங்கிய சட்டம் ஆட ஆரம்பித்துவிட்டது. "நல்ல கடைசல் கால் போட்டு ஒண்ணு செஞ்சு தாடா" என்றாள்.

காசு மிச்சம் பண்ணலாம் என்று, தோட்டத்தில் அப்போதுதான் வெட்டிய பூவரசுக் கிளையை எடுத்துக் கொண்டு கடைசல் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது பச்சை மரம். காயாமக் கடைஞ்சா வெடிக்கும்" என்றார். நான் விடவில்லை. "பரவாயில்லை அண்ணாச்சி, கடைஞ்சு குடுங்க." கடைந்து கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பத்தே நாளில் நான்கு கால்களில் மூன்று நெடுக்காகப் பிளந்துவிட்டன. அக்கா என்ன சொல்லித் திட்டியிருப்பாள் என்று உங்களுக்கே தெரியும். முதல் வரியைப் படியுங்கள்.

இரண்டாவது முறை பழைய தேக்குக் கட்டிலின் உடைந்த சட்டங்களை எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். மரம் சுற்ற, உளி தொட, சுருள் சுருளாகச் சீவல் விழ, கட்டையில் ஒரு வளையம், ஒரு பள்ளம், ஒரு குமிழ் என்று முளைத்துக் கொண்டே வந்தது. "இந்த அலங்காரம் எல்லாம் எதுக்கு அண்ணாச்சி? சும்மா உருட்டையா விட்டா போதாதா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "அலங்காரம்னு யாரு சொன்னா? பள்ளம் இல்லாட்டி கயிறு எங்க நிக்கும்? குமிழ் இல்லாட்டி கை எங்க பிடிக்கும்? அதுவும் போக, நேர் உருட்டையா கடையறதுதான் தம்பி ரொம்பக் கஷ்டம். ஒரு நூல் கோணினாலும் கண்ணுக்குத் தெரிஞ்சுரும். மேடு பள்ளம் வச்சா கண்ணு அதைப் பார்த்துட்டுப் போயிரும்."

அந்தப் பதில்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஊசி வேலைக்குப் பயன்படும் மரக்கட்டைகளில் இருக்கும் அந்த மேடு பள்ளங்களுக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம் தென் தமிழ்நாட்டிலேயே நடந்தது.

மத்தும் மந்தர மலையும்

முதலில் சொல்லுக்கு வருவோம். தமிழில் தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். அந்தக் காலத்தில் தீ உண்டாக்கப் பயன்பட்ட கோலுக்குத் தீக்கடைக்கோல் என்று பெயர். மூன்று வேலைக்கும் ஏன் ஒரே சொல்?

காரணம், மூன்றிலும் கை செய்யும் அசைவு ஒன்றுதான். மத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி, இரண்டு முனைகளையும் மாற்றி மாற்றி இழுக்கிறோம். மத்து ஒரு முறை வலப்பக்கம் சுற்றும், அடுத்த முறை இடப்பக்கம் சுற்றும். மோட்டார் வருவதற்கு முன் கடைசல் பட்டறையும் அப்படியேதான் இருந்தது. மரக்கட்டையின் இரு முனைகளையும் இரண்டு முளைகளுக்கு நடுவே பொருத்துவார்கள். ஒருவர் கயிற்றைக் கட்டையில் சுற்றி மாற்றி மாற்றி இழுப்பார். இன்னொருவர் உளியைப் பிடிப்பார். கட்டை உளியை நோக்கிச் சுற்றும்போது மட்டும்தான் மரம் சீவப்படும். திரும்பிச் சுற்றும்போது உளியை லேசாக விலக்கிக்கொள்ள வேண்டும். அதாவது பாதி நேரம்தான் வேலை, மீதிப் பாதி காத்திருப்பு.

பாற்கடலைக் கடைந்த கதை நமக்கெல்லாம் தெரியும். மந்தர மலை மத்து, வாசுகிப் பாம்பு கயிறு, ஒரு பக்கம் தேவர்கள், மறுபக்கம் அசுரர்கள். மத்துக்குப் பதில் மரக்கட்டையை வைத்துப் பாருங்கள், அதுவே ஒரு பெரிய கடைசல் பட்டறை! கடைவதன் பலன் வேண்டாததைத் தள்ளி உள்ளே இருப்பதை எடுப்பது. தயிரில் வெண்ணெய், கடலில் அமுதம், கட்டையில் உருவம். "கடைந்தெடுத்த" என்றால் கலப்பே இல்லாத சுத்தமான சரக்கு என்று அர்த்தம். (முட்டாளுக்கும் அதே தரச் சான்றிதழ்தான்.)

இந்தத் தொழில்நுட்பம் நமக்கு மட்டும் சொந்தமானது இல்லை. எகிப்தில் பெட்டோசிரிஸ் என்ற பூசாரியின் கல்லறைச் சுவரில், சுமார் கி.மு. 300-ஐச் சேர்ந்த ஒரு சிற்பத்தில், ஒருவர் வாரைப் பிடித்து இழுக்க இன்னொருவர் உளி பிடித்துக் கடையும் காட்சி இருக்கிறது. ஐரோப்பாவில் மேலே ஒரு வளையும் கழியையும் கீழே ஒரு மிதிபலகையையும் கயிற்றால் இணைத்து, காலால் மிதித்துக் கடைந்தார்கள். அதனால் ஒரு ஆள் கூலி மிச்சம். (வணிகவியல் மாணவன் புத்தி, வேறென்ன!) கர்நாடகத்தில் பேலூர், ஹளேபீடு ஹொய்சளர் கோயில்களில் உள்ள வழுவழுப்பான வட்டத் தூண்களைக் கடைசல் தூண்கள் என்றே சொல்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டுக் கல்லிலும் அதே வளையம், அதே பள்ளம், அதே குமிழ்.

அரக்கின் ரகசியம்

எங்கள் சேத்தூரிலிருந்து தெற்கே போனால், தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரம். கடைசல் என்றாலே தென் மாவட்டங்களில் நினைவுக்கு வரும் ஊர். சின்ன அடுப்பு, சின்னக் குடம், சின்ன உலக்கை என்று நம் வீட்டுப் பெண் பிள்ளைகள் விளையாடிய மரச் செப்புச் சாமான்கள் அங்கே கடைந்தவை. பம்பரம், நடைவண்டி, மத்து என்று ஒரு குழந்தை வளர்ந்து பெரிய ஆளாகும் வரை தேவையானதெல்லாம் கடைசலில் வந்துவிடும்.

அந்தச் சாமான்களின் பளபளப்பு பெயிண்டால் வந்தது இல்லை, அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின்தான் அரக்கு. அதை உருக்கி, சாயம் சேர்த்துக் குச்சியாக உருட்டி வைத்துக்கொள்வார்கள். கடைந்து முடித்த கட்டை சுற்றிக்கொண்டிருக்கும்போதே அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்தினால், உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஒட்டிக்கொள்ளும். தனியாக அடுப்பு வேண்டாம், தூரிகை வேண்டாம். கர்நாடகத்தின் சன்னபட்டணத்திலும், ஆந்திராவின் ஏட்டிகொப்பாக்காவிலும் இதே முறைதான். சன்னபட்டணத்தில் கடைசியாகத் தாழை மடலை வைத்துத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். குழந்தை வாயில் வைத்தாலும் பயமில்லை என்று இந்தப் பொம்மைகளை வாங்குவதற்கு இந்த இயற்கை அரக்கும் சாயமும்தான் காரணம்.

மரம் கிடைப்பதுதான் கஷ்டமாகிவிட்டது. முன்பு மஞ்சள் கடம்பு போன்ற மலை மரங்களை நம்பி நடந்த தொழில் இது. 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வந்தது. எங்கள் ஊருக்கு மேற்கே இருக்கும் மலையும் 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்துவிட்டது. காடு பிழைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடைசல்காரர் இப்போது ரப்பர் மரம், யூகலிப்டஸ், பழைய வீடு இடித்த தேக்கு என்று கிடைப்பதை வைத்துச் சமாளிக்கிறார் என்பதும் உண்மை.

நாகர்கோவில், 1821

சரி, கடைசலும் ஊசி நூல் வேலையும் நம் பக்கத்தில் எங்கே சந்தித்தன? அதற்கு இன்னும் கொஞ்சம் தெற்கே போக வேண்டும். அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த நாகர்கோவிலுக்கு.

1819-ல் சார்லஸ் மால்ட் என்ற லண்டன் மிஷன் பாதிரியாரும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே நினைத்துப் பார்க்க முடியாத காலம். மார்த்தா அம்மையார் மாணவிகளுக்கு எழுத்தோடு சேர்த்து 1821-ல் லேஸ் பின்னவும் கற்றுக் கொடுக்க ஆரம்பித்தார். (பிற்காலத்தில் டதி பள்ளி என்று பெயர் பெற்ற பெண்கள் பள்ளியின் ஆரம்பக் காலம் இது.)

இந்த லேஸ் ஊசியால் செய்வதில்லை. ஒரு கெட்டியான தலையணை, அதன்மேல் புள்ளி குத்திய ஒரு மாதிரித் தாள், புள்ளிகளில் குண்டூசிகள், பிறகு நூல் சுற்றிய சிறு சிறு மரக் கட்டைகள். அந்தக் கட்டைக்குப் பெயர்தான் பாபின். விரல் நீளமே இருக்கும் கடைசல் வேலை. பாபின்கள் எப்போதும் ஜோடி ஜோடியாகத்தான் வேலை செய்யும். அசைவுகள் இரண்டே இரண்டு: பக்கத்து நூலைக் குறுக்கே தாண்டுவது, ஜோடிக்குள் முறுக்கிக்கொள்வது. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தே பூ, இலை, வலை எல்லாம் வந்துவிடும். ஒரு குறுகலான கரைக்கே சில டஜன் பாபின்கள் வேண்டும். அகலமான துண்டுக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும்.

பட்டறை அண்ணாச்சி சொன்னதை இங்கே வைத்துப் பாருங்கள். பாபினின் தலையில் ஒரு சின்னப் பள்ளம், அங்கே நூலை ஒரு முடிச்சுப் போட்டால் தானாக அவிழாது. அதற்குக் கீழே மெலிந்த கழுத்து, நூல் சுற்றும் இடம். அதற்கும் கீழே உடல், கை பிடிக்கும் இடம். உடலின் எடைதான் நூலை விறைப்பாக வைத்திருக்கும். எடை கூடினால் மெல்லிய நூல் அறுந்துவிடும். குறைந்தால் பின்னல் தொளதொளக்கும். கட்டையில் சிறு பிசிறு இருந்தாலும் நூல் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் செதுக்கிய கட்டை போதாது, வழுவழுவென்று கடைந்த கட்டை வேண்டும்.

இங்கிலாந்திலேயே ஊருக்கு ஒரு பாபின் உண்டு. டெவன் பகுதியின் ஆனிட்டன் லேசுக்கு மெலிந்த, நுனி கூரான பாபின். ஏற்கெனவே பின்னிய கண்ணிக்குள் அதை நுழைத்து எடுக்க வேண்டுமே! அதனால் அதில் புடைப்பான அலங்காரம் கூடாது. மத்திய இங்கிலாந்துப் பாபின்களில் நிறைய வளையங்கள் கடைந்து, அடியில் கண்ணாடி மணிகளை வளையமாகக் கோத்திருப்பார்கள். மணி எடையைக் கூட்டும், கட்டை உருண்டு போகாமலும் தடுக்கும். அந்தப் பாபின்களில் காதலன் பெயர், பிறந்த நாள் எல்லாம் பொறிப்பார்கள். 1868-ல் பெட்ஃபோர்டில் வில்லியம் வொர்ஸ்லி என்ற கொலைக் குற்றவாளி தூக்கிலிடப்பட்டதைக் கூடப் பாபினில் பொறித்து விற்றிருக்கிறார்கள். அந்தக் காலத்துப் பரபரப்புச் செய்தி!

நாகர்கோவிலில் அந்தக் கட்டைகள் தொட்ட விஷயம் இதைவிடப் பெரியது.

திருவிதாங்கூரில் அப்போது சட்டப்படியே அடிமை முறை இருந்தது. நிலத்தோடு சேர்த்து மனிதர்களையும் விற்றார்கள், வாங்கினார்கள், அடகு வைத்தார்கள். மார்த்தா மால்ட்டிடம் படித்த பெண்களில் அடிமைக் குடும்பத்துப் பெண்களும் இருந்தார்கள். லேஸ் ஐரோப்பியர்களிடம் நல்ல விலைக்குப் போனது. அந்தப் பணத்தில் பள்ளிச் செலவும் நடந்தது, பின்னியவர்களுக்குக் கூலியும் கிடைத்தது. அந்தக் கூலியைச் சேர்த்து வைத்து, எஜமானனுக்கு விலையைக் கட்டி, தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்ட பெண்கள் அங்கே இருந்தார்கள். சமஸ்தானம் அடிமை முறையை ஒழித்து அறிவித்தது 1855-ல்தான். அதற்கு முன்பே சில பெண்கள் தலையணையும் மரக் கட்டையும் நூலும் வைத்து அதைச் சாதித்துவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் ஓடவில்லை. கணக்குப் பதிவியலில் "சொத்து", "கடன்" என்று இரண்டு பக்கம் எழுதிப் பழகிய எனக்கு, ஒரு மனுஷியே சொத்துப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தாள் என்பதும், அவள் தன் கூலியால் அந்தப் பதிவை அடித்துவிட்டாள் என்பதும் பாடப் புத்தகத்தில் வராத உதாரணம்.

இன்னொரு கொடுமையும் உண்டு. இந்தப் பெண்கள் பின்னிய லேஸ் வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கழுத்தையும் தோளையும் அலங்கரித்தது. அதே ஊரில் ஒடுக்கப்பட்ட பெண்கள் தங்கள் தோளை மறைக்கத் துணி போட்டதற்கு அடி வாங்கினார்கள். குப்பாயம் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களின் துணி கிழிக்கப்பட்டது. 1822-ல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் ஓய்ந்தது 1859-ல், நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தலாம் என்று அரசு அறிவித்த பிறகு. அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை!

மால்ட் தம்பதியின் மகள் எலைசா 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்தார். ஆம், 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட அதே கால்டுவெல். எலைசா தன் அம்மாவிடம் கற்ற லேஸ் வேலையைத் திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடிப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார். 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா பிரிக்கப்படும் வரை எங்கள் பகுதியும் திருநெல்வேலி ஜில்லாதான். ஆகவே இதை எங்கள் ஜில்லா வரலாறு என்று சொல்லிக்கொள்ள எனக்கும் உரிமை உண்டு :-)

பித்தளைப் பாபினும் ராஜபாளையத்துக் கதிரும்

நாகர்கோவிலில் கையால் லேஸ் பின்ன ஆரம்பித்தபோது இங்கிலாந்தில் அந்த வேலைக்கே ஆபத்து வந்திருந்தது. 1809-ல் ஜான் ஹீத்கோட் என்பவர் பாபின் வலை பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். மர பாபினுக்குப் பதில் மெல்லிய பித்தளைத் தகடு பாபின். கை செய்த அதே தாண்டலையும் முறுக்கலையும் இயந்திரம் செய்தது. 1816-ல் லாஃப்பரோ நகரில் அவருடைய ஆலைக்குள் லுட்டைட்டுகள் புகுந்து 55 இயந்திரங்களை உடைத்தார்கள். அவர் சளைக்காமல் டெவனில் உள்ள டிவர்ட்டனுக்குப் போய் ஆலையைத் தொடர்ந்தார். கை லேசுக்குப் பேர் போன அதே டெவன்! 1840-ல் விக்டோரியா மகாராணி தன் கல்யாண உடைக்கு ஆனிட்டன் லேஸ் கேட்டு வாங்கியது, நொடித்துப் போயிருந்த அந்தப் பெண்களுக்கு வேலை கொடுக்கத்தான்.

எங்கள் பக்கத்திலும் ஒரு கடைசல் கட்டை இயந்திரத்துக்குள் போன கதை உண்டு. ராட்டையில் நூல் சுற்றும் கதிரைத்தான் சொல்கிறேன். 1936-ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதன் பிறகு ஊரைச் சுற்றி மில்கள் பெருகின. இங்கே ஒரு மில்லின் அளவைச் சொல்ல ஏக்கர் கணக்கு சொல்ல மாட்டார்கள், "எத்தனை கதிர்?" என்றுதான் கேட்பார்கள். ஒரு காலத்தில் ஒரு பெண்ணின் கையில் ஒரு கதிர் இருந்தது. மில்லில் ஆயிரக்கணக்கான கதிர்களுக்கு நடுவே ஒரு பெண் நடந்துகொண்டிருக்கிறாள். நூல் கூடியது, கதிர் அவளுடையதாக இல்லை.

நான் மில்லுக்கு எதிரி இல்லை. எங்கள் தெருவில் பாதிப் பேர் மில் சம்பளத்தில் வளர்ந்தவர்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். கருவி யார் கையில், அதில் வரும் காசு யார் கையில் என்ற இரண்டு கேள்விகளில்தான் எல்லாமே இருக்கிறது. நாகர்கோவில் பெண்ணின் கையில் இருந்தது காலணா பெறாத ஒரு மரக்கட்டை. ஆனால் அதில் வந்த கூலி அவள் கைக்கு வந்தது. அது ஒரு உயிரின் விலைக்குச் சமமாயிற்று.

கடைசியாக

லேஸ் கற்றுக் கொடுத்தவர்களின் பெயரை வரலாறு சொல்கிறது. இயந்திரம் செய்தவரின் பெயரையும் சொல்கிறது. கட்டையைக் கடைந்தவரின் பெயர் எந்தப் புத்தக அட்டையிலும் இல்லை. லேசுக்கு விலை உண்டு, ரவிக்கைக்கு விலை உண்டு. அதைச் செய்ய உதவிய கட்டையைக் கூலிக் கணக்கோடு மறந்துவிடுகிறோம். என் பச்சை மரம் வெடிக்கும் என்று முன்கூட்டியே சொன்ன அந்த அறிவுக்கு நான் கொடுத்தது இரண்டு தடவையும் சேர்த்து 600 ரூபாய். பட்டறையில் அவருக்குப் பிறகு உளி பிடிக்க ஆள் இல்லை. "பையன் திருப்பூர்ல இருக்கான்" என்றார், அவ்வளவுதான்.

அக்காவின் ஃப்ரேம் இப்போது ஆடுவதில்லை. துணி தொட்டால் மத்தளம் மாதிரி விறைப்பாக இருக்கிறது. கால்களில் மூன்று வளையம், ஒரு குமிழ். பக்கக் கயிறு பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் ஒரு கல்யாண ரவிக்கைக்கு வந்த பணத்தை எண்ணி, என்னிடம் 600 ரூபாயைத் தனியாக எடுத்துக் கொடுத்தாள். "கட்டைக் காசு" என்றாள்.

உங்கள் வீட்டில் பழைய கடைசல் கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து ஏதாவது மூலையில் கிடந்தால் ஒரு முறை எடுத்துத் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளமும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று யோசியுங்கள். விறகுக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். அப்படிப் போட்டால் நீங்களும் என்னைப் போல ஒரு கடைந்தெடுத்த... சரி, வேண்டாம்.

மீண்டும் சந்திப்போம்.